கடல் பார்க்காத வகுப்பு

கம்பெனி பஸ் திரும்பியபோது, இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே மிச்சமிருந்த ராகிக் கொல்லையில் காற்று புகுந்து பயிரைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. பக்கத்து சீட்டு ராமேஸ்வரத்துப் பெண் துள்ளினாள். "அக்கா, அப்படியே எங்க ஊருக் கடல் மாதிரி இருக்கு!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கர்நாடக எல்லையோரம் இருக்கும் எங்கள் ஜவளகிரியில் எட்டாவது படித்தபோது, நாகப்பட்டினத்திலிருந்து புதிதாக வந்த அறிவியல் சார் அலைகளைப் பற்றி நடத்தினார்.

"கடல்ல பாத்திருப்பீங்களே, தண்ணி அங்கேயேதான் கிடக்கும், அலை மட்டும் நகரும்."

எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. மறுபடி சொன்னார், மறுபடியும் விழித்தோம். சாரின் முகம் வாடியது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"சார், ராகிக் கொல்லையில காத்தடிச்சா இந்த வரப்புல இருந்து அந்த வரப்புக்கு ஒண்ணு ஓடும். ஆனா பயிரு எடத்தவிட்டு நகராது. அது மாதிரிங்களா?"

சார் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். வகுப்பே பின்னால் ஓடியது. பள்ளிக்குப் பின்னால் இருந்த ராகிக் கொல்லையில் காற்றுக்காக மூச்சைப் பிடித்து நின்றோம். வந்தது! தமிழிலும் கன்னடத்திலும் கூச்சலிட்டோம். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் சார்தான்: "இதேதான்! எங்க கடல் இதேதான்!"

"நீங்க கடல் பாத்திருக்கீங்களாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"இன்னும் இல்ல. ஆனா எங்க ராகிக் கொல்லை மாதிரியே இருக்கும்னு எங்க சார் சொல்லியிருக்காரு."