அண்ணைக்கு விட்ட இடம்

பட்டமளிப்பு உடுப்போடு படம் எடுக்கப் போன கொக்குவில் ஸ்டூடியோவில் முகப்பவுடர் மணந்தது. அந்த மணத்தோடு, வல்வெட்டித்துறையில் இப்போது போன் கடையாகிவிட்ட பழைய ஸ்டூடியோவும் நினைவுக்கு வந்தது: பல்லுடைந்த சீப்பு, பவுடர் படிந்த கண்ணாடி, திரைச்சீலையில் தீட்டிய நீலக் கடல்.

"உந்தக் கடலிலை ஒரு மீனும் படாது" என்று அப்பா சிரிப்பார். அவர் மீன்பிடிப்பவர். அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பாமல் போன பிறகு அப்பா அந்தத் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு வருடப்பிறப்புக்கும் அம்மா எங்களை அங்கே கூட்டிப் போவார். "தள்ளி நில்லடி, அண்ணைக்கு இடம் வேணும்." நான் ஓர் ஆள் அளவுக்கு விலகி, அந்த இடத்தில் உடம்பு பட்டுவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஸ்டூடியோக்காரர், அடையாள அட்டைப் படத்திலிருந்த அண்ணையின் முகத்தை யாரோ ஒருவரின் கோட்டுப் போட்ட உடம்பில் பொருத்தி, அங்கே சேர்த்துத் தருவார். வருடாவருடம் நான் வளர்ந்தேன். அண்ணை அதே முகத்தோடு நின்றார். கடைசிப் படத்தில் நான் அவருக்கு அக்கா போலிருந்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதல் பட்டம் பெற்றவள் நான். இந்தப் படத்திலாவது நான் மட்டும் இருக்க வேண்டும் என்றுதான் தனியாகப் போயிருந்தேன்.

"தங்கச்சி, நடுவுக்கு வாங்கோ" என்றார் படம் எடுப்பவர்.

"நடுவிலைதானே நிக்கிறன்?"

அவர் கமராவைத் திருப்பிக் காட்டினார். என் இடப்பக்கம் ஓர் ஆளுக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது.

"பக்கத்திலை ஆரும் வர இருக்கினமோ?"

"இல்லை. இப்பிடியே எடுங்கோ" என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.