ஒரு செவ்வரத்தம்பூவுக்கு ஏழு வருடம்

சிட்னிக்கு வந்த முதல் வருடத்தில் நான் ஒரு விஷயத்தை முழுமனதாக நம்பினேன்: இந்த நாட்டில் களவெடுத்துப் பிடிபடுகிறவர்களை இன்னமும் கப்பலேற்றிக் கடல்கடத்துகிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். போகிற இடமெல்லாம் பகிடி விட்டே பேர் எடுத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு பூவுக்குப் பயந்து, பட்டப்பகலில் வாசற்கதவைப் பூட்டி, போதாததற்கு ஒரு கதிரையையும் இழுத்து முட்டுக்கொடுத்துவிட்டு, அதே கதிரையில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

சிட்னியின் பரமட்டாவில் எங்கள் வாடகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. அந்தப் பக்கத்தில் ஒரு செவ்வரத்தை, செம்பருத்தி என்பார்களே, அது. காலையில் மரம் கொள்ளாமல் பூக்கும். பின்னேரம் அத்தனையும் சுருண்டு விழும். ஒருவரும் ஆய்வதில்லை, ஒரு பூவைக்கூடப் பறிப்பதில்லை. தெரு முழுக்க இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைப் பக்கம் எட்டிப்பார்க்கிற பூவெல்லாம் சாமிக்குச் சொந்தம். யாருடைய வளவுப் பூ என்று கேட்பது, யாருடைய மழை என்று கேட்பது மாதிரி. இங்கே பூவை மரத்திலேயே வாடவிட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து வேறு பூ வாங்குகிறார்கள். என் மனைவி தவமணிக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். அவளுக்குப் பூ தேவைப்பட்ட காலம் அது. எங்கள் பத்து வயது மகளைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு விசா கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம், பதில் வரவில்லை.

பக்கத்து வீட்டு டோரின் எழுபதைத் தொட்ட விதவை. பாற்காரன் முதல் பாதிரியார் வரை எல்லோரும் அவர் வாயில் 'லவ்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என் பாட்டியின் தாய் ஒரு கள்ளி, லவ்" என்றார். எங்கள் ஊரில் பாட்டனார் உடையாராக இருந்தவர் என்று சொல்வார்களே, அந்தத் தோரணை. அந்தத் தாயின் பேர் ஹன்னா, இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரி. எசமானியின் பெட்டியிலிருந்து, பூ அச்சடித்த ஒரு சீத்தைத் துணி எடுத்தாள். நீதவான் ஏழு வருடம் நாடுகடத்தல் என்றார். மாதக்கணக்கில் கப்பல். பிறகு பரமட்டாவில், பெண் கைதிகளுக்கென்று இருந்த தொழிற்சாலையில் கம்பளி நூற்றாள். எதிர்த்துப் பேசியதற்குத் தலைமயிரைக் கத்தரித்தார்கள். பெண் தேடி வந்த ஆண்களுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு குடியானவன் இவளைக் கைகாட்டினான். கலியாணம் முடிந்தது. மெல்பேர்னில் இருக்கிற டோரினின் தங்கை, இன்றைக்கும் ஹன்னாவைப் பாதிரியார் மகள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

"அந்தத் தொழிற்சாலைச் சுவர் இன்னும் நிற்கிறது, போய்ப் பார்" என்று டோரின் கையை நீட்டினார். அந்தத் திசையில்தான் நான் தினமும் ரயிலுக்கு நடக்கிறேன். கப்பலேற்றுவதெல்லாம் எப்போதோ நின்றுபோயிற்று என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அந்தச் சீத்தை எங்கள் பக்கத்துத் தறியிலிருந்து கப்பலேறிப் போனதாக இருந்தால் நாங்களும் இந்த வழக்கில் சாட்சிகள் என்று ஒரு பகிடியை மனதில் உருட்டிக்கொண்டு குசினிக்குள் போனேன். பிள்ளையார் படத்தின் முன்னால் ஒரு செவ்வரத்தம்பூ சிவப்பாக இருந்தது. தவமணியைக் கூப்பிட்டேன்.

"இது எங்கால?"

"வேலிக்கு இஞ்சால எட்டிப் பார்த்துக்கொண்டு நிண்டது. ஆய்ஞ்சனான்."

"கேட்டனீரா?"

"சாமிக்குப் பூ ஆயிறதுக்கு ஆரும் கேக்கிறவையே? நான் வந்த நாளிலிருந்து ஆயிறன். இண்டைக்குத்தான் உங்களுக்குக் கண் தெரிஞ்சதாக்கும்."

ஹன்னாவின் கதையைச் சொன்னேன். "துணிக்கு ஏழு வருஷமெண்டால், மாசக்கணக்கா ஆய்ஞ்ச பூவுக்கு எத்தினை எண்டு யோசியும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றாள். ஆனால் குரல் இறங்கிவிட்டது. "பிள்ளையின்ர விசாவை மறிச்சுப்போடுவாங்களே?"

அவள் கேட்ட பிறகுதான் உண்மையான பயம் வந்தது. கப்பல் பயத்தை வைத்துப் பகிடி விடலாம். இதை வைத்து முடியாது. அன்றிலிருந்து பூவுக்குத் தடை போட்டேன். இந்த ஊரில் தபாற்காரன் கடிதம் போட்டதும் ஒரு விசில் ஊதுவான். அந்த விசிலுக்கு நான் குளியலறைக்குள் ஒளித்தேன். வேலைத்தலத்தில் மேலதிகாரி "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால், என்ன ஏது என்று தெரியுமுன்னே மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காலத்துக் கள்ளரை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள், இங்கே களவெடுத்தவனை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்று உலகப்படத்தை விரித்து வைத்து யோசித்திருக்கிறேன். பெட்டிக்குள் தவமணியின் கம்பளிச் சட்டையை மடித்து வைத்தேன், கடற்காற்றுக்கு உதவுமென்று. அவள் அதைக் கண்டு சிரிக்கவில்லை. "பிள்ளை அங்க தனிய நிக்குது. எனக்கு இஞ்ச சாமிக்கு ஒரு பூ வைக்க வழியில்லை" என்று அழுதாள். அடுத்த சனிக்கிழமை காலை வேலியடிக்குப் போய் ஒன்றை ஆய்ந்துகொண்டு வந்துவிட்டாள்.

அவள் படியேறி முடிப்பதற்குள் பொலிஸ் கார் வந்து நின்றது. கதவு, பூட்டு, கதிரை என்று நான் முதலில் சொன்னது இப்போதுதான். கதவு தட்டப்பட்டது. எழும்பிக் கதிரையை அப்பால் இழுத்தேன். திறந்தேன். செம்பட்டை மீசை வைத்த ஒரு கொன்ஸ்டபிள்.

"பக்கத்து வீட்டு அம்மாவுடைய..." என்று அவர் வாயெடுத்தார். நான் முடிக்க விடவில்லை.

"நான்தான் எடுத்தேன். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது."

"நீயா? எப்போது, நண்பா?"

"தினமும் காலையில் ஒன்று."

கொன்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார். "தினமும் ஒன்றா?"

"சாமிக்கு. கழுவிப் படத்துக்கு முன்னால் வைப்போம்."

அவர் ஒரு படி பின்னுக்கு இறங்கினார். "அவரிடம் இருந்ததே ஒன்றுதானே!"

எனக்குப் பின்னால் தவமணி. "என்னப்பா சொல்றியள் அந்த மனிசனுக்கு?"

"பேசாதையும். நான் போறன். நீர் நிண்டு பிள்ளையைக் கூப்பிடும்."

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, விலங்கு போடுவதற்கு வசதியாக இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு கையில் பூ இருந்தது. கொன்ஸ்டபிள் அதைக் குனிந்து பார்த்தார்.

"இது பூ" என்றார்.

"ஓம்" என்றேன், தமிழில்.

"நான் என் பெரியம்மாவின் நாயைத் தேடி வந்தேன்."

அதற்குள் டோரினே வந்துவிட்டார். கொன்ஸ்டபிள் சொல்லச் சொல்ல, வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "பூவா? முதல் நாளே கண்டேன், லவ். இவ்வளவு கவனமாகப் பறிக்கிறாளே, எதற்கென்றுதான் விளங்கவில்லை." தவமணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்தாள். "மை டோட்டர். சிலோன். ஐ ப்ரே."

டோரினின் சிரிப்பு நின்றது. அன்றைக்கு வேலியடியில் விட்டுவிட்ட மிச்சத்தை அப்போது சொன்னார். அந்தச் சீத்தை ஹன்னாவுக்கல்ல. மூன்று வயது மகளுக்குச் சட்டை தைக்க எடுத்தது. கப்பல் புறப்பட்டபோது மகள் ஹன்னாவின் தமக்கையோடு துறைமுகத்தில் நின்றாள். ஏழு வருடம் முடிந்தது, ஹன்னா சுதந்திரப் பெண்ணானாள். கொண்டுவந்து இறக்கத்தான் அரசாங்கம் கப்பல் கொடுத்தது; திருப்பிக் கொண்டுபோக ஒருவரும் கொடுக்கவில்லை. இங்கே பிள்ளைகள் பிறந்தார்கள். அங்கே விட்டுவந்தவளை அவள் பிறகு காணவில்லை.

"அந்தப் பிள்ளையின்ர பேர் என்னவாம்?" என்று தவமணி என்னைக் கேட்கச் சொன்னாள்.

"எங்களில் ஒருவருக்கும் தெரியாது" என்றார் டோரின்.

அடுத்த நாளிலிருந்து தவமணி இரண்டு பூ ஆய்கிறாள். ஒன்று பிள்ளையாருக்கு. மற்றதை வேலிக்கட்டையின் மேல் வைக்கிறாள், அங்குமில்லாமல் இங்குமில்லாமல். டோரின் அதை எடுப்பதுமில்லை, தட்டிவிடுவதுமில்லை.

நாய் இறைச்சிக்கடையின் பின்வாசலில் அகப்பட்டது. விசா வந்தது, மகளும் விமானத்தில் வந்து இறங்கினாள். இப்போது தாய் பூ ஆய்ந்துகொண்டு வரச்சொன்னால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்கிறாள். ஊருக்குப் போவதைப் பற்றி ஒவ்வொரு பொங்கலுக்கும் கதைக்கிறோம். நாங்கள் வந்து ஏழு வருடம் முடிந்துவிட்டது. ஒருவரும் எங்களைக் கப்பலேற்றவில்லை. நாங்களும் திரும்பிப் போகவில்லை.