சம்பந்தி வீட்டில் கை நனைத்த கதை

பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுவது என் தொழில். பாதிப் புடவையில் எழுந்து ஓடுவது என் வியாதி. பெருங்குடல் அழற்சி என்று டாக்டர் சொன்னபோது, பெயராவது கௌரவமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"காரம், எண்ணெய், நார்ச்சத்து எல்லாம் இப்போதைக்கு வேணாம். எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலைன்னு எழுதி வைங்க. இட்லி தாராளமா சாப்பிடலாம்" என்றார். அவர் வெளியூர்க்காரர். எங்கள் ஊர்க் கோயில் இட்லியில் மிளகும் சுக்கும் சீரகமும் நெய்யும் கிடப்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் டாக்டர் பேச்சைத் தட்டக்கூடாது என்று தாராளமாகச் சாப்பிட்டேன். அடுத்த மூன்று நாள் நடந்ததை நோட்டில் எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம்.

பிறகு புத்தி வந்தது. குழைந்த சோறு, தோல் சீவி வேகவைத்த கேரட், முட்டையின் வெள்ளைக்கரு. இதையெல்லாம் மனுஷன் தின்பானா என்று கடையில் கேட்டார்கள். ஓடாமல் ஒரு புடவையை முழுசாக மடித்து வைக்கிற சுகம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அப்போதுதான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது. பையனுக்கு வாலாஜாபாத். அவளே விரும்பியவன், எங்களைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் மனைவியும் கிளம்பினோம். பெண்ணின் அப்பா அங்கே கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்பந்தம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"அங்க போயி வயித்தப் பத்தி வாயத் தெறக்காதீங்க. வியாதிக்காரக் குடும்பம்னு ஆயிடும்" என்றாள் மனைவி. பையனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று மகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இலை போட்டார்கள். வடை, கத்திரிக்காய் வதக்கல், பட்டாணிக் குருமா, மிளகாய் மிதக்கும் சாம்பார். என் எதிரிகள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வாரம் வயிறு வேறு மறுபடி கிளம்பியிருந்தது.

"இன்னிக்கு எனக்கு விரதம்" என்றேன்.

சொல்லும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. பிடிக்காத சம்பந்தத்தில் கை நனைக்காமல் நழுவ எல்லோரும் சொல்கிற சாக்கு அதுதான் என்பது, பையனின் அப்பா முகம் சுருங்கிய பிறகே உறைத்தது. மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். பலிக்கவில்லை.

சாயங்காலமே தகவல் வந்தது. எங்களுக்கு இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டார்களாம், வேறு இடம் பார்க்கிறார்களாம். பையன் எவ்வளவோ சொல்லியும் அவன் அப்பா மசியவில்லை. மகள் அழவில்லை.

"ரெண்டு வாய் சாப்ட்டிருக்கலாமேப்பா" என்றாள்.

கடையில் எத்தனையோ முறை எல்லோர் முன்னாலும் எழுந்து ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

மறுநாள் காலை, மனைவியிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். பையனின் அப்பா உள்ளே கூப்பிடவில்லை; வாசலில் நின்றபடியே நான் சொன்னேன்.

"எனக்குக் குடல்ல வியாதி. அடங்கும், ஒரேயடியா போவாது. நேத்து விரதம்னு சொன்னது பொய். உங்க வீட்டு மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணுக்கு இருக்குதா?"

"இல்ல. ஆனா வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

சொன்ன பிறகு பயமாக இருந்தது. அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "கொஞ்சம் சோறு கொழைய வெச்சுக் கொண்டாம்மா. உப்பு மட்டும் போடு."

சாப்பிட்டேன். நான் ஒவ்வொரு வாய் எடுத்து வைப்பதையும் இரண்டு பேரும் முகூர்த்தத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவி நிமிர்வதற்குள் வயிறு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. மானம் போனால் போகட்டும் என்று, பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.

"பின்னால இருக்குது" என்றார் அவர். "போயிட்டு மெதுவா வாங்க, சம்பந்தி."