பிழை இல்லை என்று போன மெயில்

காலை ஏழு மணிக்குள் சர்வருக்குள் நுழைந்து, முந்தின நாள் பதிவான பிழைகளைப் பொறுக்கியெடுத்து, சென்னையில் இருந்த டீம் லீடருக்கு மெயில் அனுப்ப வேண்டும். குரும்பகரத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்த எனக்கு அது நாள் தவறாத கடமை. அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும்; மகளை ஏற்றிக்கொண்டு காரைக்கால் போகிற பள்ளி வேனும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இந்த வேலையைத் தானாகச் செய்ய சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் நிரல், எழுதினேன். இருபது வரிகூட இருக்காது. சர்வர் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து, முந்தின நாள் தேதியிட்ட பிழைகளை எடுத்து, ஒன்றும் இல்லாவிட்டால் 'பிழை இல்லை' என்று எழுதி, ஆறரைக்கு என் பெயரிலேயே அனுப்பிவிடும். லீடரிடம் சொல்லவில்லை. சொன்னால், பிறகு நான் எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிடுமோ என்ற பயம்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பாதிப் பின்னலில் மகளின் தலையை விட்டுவிட்டு, மெயில் போய்விட்டதா என்று போனைப் பார்ப்பேன்.

"அதான் தானா போவுதுன்னு சொன்னியே, அப்புறம் என்னத்தப் பாக்குற?" என்றார் கணவர், வயலுக்குக் கிளம்பிக்கொண்டே.

"போவுதுங்க. ஒழுங்கா போவுதான்னுதான்..."

ஒரு வாரம், தொடர்ந்து மூன்று நாள் 'பிழை இல்லை' என்றே போனது. அந்த சர்வர் அவ்வளவு சமர்த்தாக இருந்ததே இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. நான்காம் நாள் லீடர் போன் செய்தார்.

"கஸ்டமர்ஸ் ரெண்டு நாளா லாகின் பண்ண முடியலன்னு கத்துறாங்க. நீங்க எரரே இல்லன்னு அனுப்பிட்டிருக்கீங்க. லாகைப் பாத்தீங்களா, இல்லையா?"

பேசிக்கொண்டே சர்வரைத் திறந்தேன். லாக் கோப்பின் பெயரை யாரோ மாற்றியிருந்தார்கள்; பழைய பெயரிலிருந்த கோப்பில் அதன்பின் எதுவும் பதிவாகவில்லை. புதுக் கோப்பில் பிழைகள் குவிந்து கிடந்தன. என் ஸ்கிரிப்ட் பழைய கோப்பையே தினமும் துழாவிக்கொண்டிருந்திருக்கிறது. பெயரை மாற்றியவர்கள் மேல் பழியைப் போட வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பாக்கலைங்க மேடம். ஒரு மாசமா ஸ்கிரிப்ட்தான் அனுப்புது. ஒங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."



"ஸ்கிரிப்ட் எழுதினது தப்பில்ல. நீங்க பாத்துட்டு அனுப்புறீங்கன்னு நம்பிட்டு இருந்தேன் பாருங்க, அதான்."

அன்று மதியத்துக்குள் திருத்தினேன். எந்தக் கோப்பைப் படித்தது, அதில் கடைசியாக எப்போது பதிவானது என்பதையும் இப்போது மெயில் சொல்கிறது. தலைப்பிலேயே 'தானியங்கி' என்று போட்டுவிட்டேன். ஆனாலும் 'பிழை இல்லை' என்று வருகிற நாட்களில் நானே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுகிறேன்.