வயசு பத்தாத வீடு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். யார் சொன்னார்களோ, அவர்கள் மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் எண்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலைப் பார்த்திருக்க மாட்டார்கள். திலகத்துக்கு வாய் இருந்தது, ஓட்டு இல்லை. வயது இருபது. இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு.

பதினாறு வயதிலேயே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவள் அவள். அதற்கு வயது பத்தியது. பதினெட்டில் சேதுவைக் கட்டிக்கொண்டு மறு வருஷமே பிள்ளை பெற்றாள். அதற்கெல்லாம் எந்தத் துரையும் வந்து "கொஞ்சம் பொறு" என்று சொல்லவில்லை. சேது ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தான். அவன் ஓட்டு அவன் பிறந்த பத்தாங் காலியில். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவளோடும் பிள்ளையோடும் இருந்தவர்கள் அப்பா வீரனும் அம்மா நல்லம்மாளும். இருவர் கையிலும் இருந்தது சிவப்பு ஐசி, வெளியாளுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. சின்னப் பையனாகக் கப்பலில் வந்து இந்த மண்ணிலேயே முதுகு கூனிப்போன மனிதருக்குக் குடியுரிமை இல்லையாம், அதனால் ஓட்டும் இல்லையாம். ஆக, அந்த வீட்டில் ஓட்டு என்று தேடினால் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த வீட்டுக் கூரைதான் லயத்திலேயே மோசம். தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. தூளியை எந்த மூலைக்கு மாற்றிக் கட்டினாலும் மழைத்தண்ணீர் தேடி வந்து பிள்ளைமேல் சொட்டும். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் கர்கர் என்று கேட்டது. தோட்ட ஆபீஸ் கிராணியிடம் சொன்னால் "பாக்கலாம்லா" என்பார். என்னத்தைப் பார்த்தார்!

தேர்தல் தேதி வந்ததும் மண்டோர் ரெங்கசாமிக்குக் கொம்பு முளைத்துவிட்டது. காட்டில் ஆட்களை மேய்ப்பவரும் அவர்தான், கட்சிக் கிளைத் தலைவரும் அவர்தான். கட்சி செலவில் கூரைத் தகரம் வருகிறது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் ஒரு தலைவலி அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

போன தேர்தலில் அவர் லோரியில் ஏற்றிப்போன பெரியவர்கள், பென்சிலைக் கையில் வாங்கியதும் வாக்குச்சீட்டின் தலையில் பயபக்தியோடு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறி போட்டார்கள். கல்யாணச் சாமான் எழுதினாலும் சுழி, கடிதாசி எழுதினாலும் சுழி என்று பழகிய கைகள், இதை மட்டும் விட்டுவிடுமா? சுழி போட்டதெல்லாம் செல்லாத ஓட்டு. எண்ணுகிற இடத்தில் இருந்த கட்சிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ரெங்கசாமியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

அதனால்தான் அவர் திலகத்தின் வாசலுக்கு வந்தார்.

"ஏ புள்ள, நீதான் பாரம் மூணு வரைக்கும் படிச்சிருக்க. இந்தப் பெருசுங்களுக்கு ஓட்டுப் போடக் கத்துக் குடு. ஒங்க வீட்டுக்கும் அஞ்சு தகரம், என் பொறுப்பு."

"சத்தியமா?"

"மண்டோரு வாக்கு மாறுமா?"

அவள் நம்பினாள். வேலை முடிந்து வந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் வாக்குச்சீட்டு வரைந்து சொல்லிக்கொடுத்தாள். இராமையாக் கிழவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றார்.

"சுழி போடாம எப்புடி தாயி? காரியம் வெளங்குமா?"

"மனசுல போட்டுக்குங்க தாத்தா. புள்ளையாரு கோவிச்சுக்க மாட்டாரு. சீட்டுலதான் கூடாது."

தொண்டை கட்டும்வரை கத்தி, ஒருவழியாக எல்லார் கையும் படிந்துவிட்டது. காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பது ரெங்கசாமிக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். ஓட்டுக்கு முந்தின நாள் லோரி வந்தது. ஓட்டுள்ள வீடு ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டுத் தகரம் இறக்கினார். திலகத்தின் பெயரைக் கூப்பிடவே இல்லை.

"மண்டோரய்யா, எங்க தகரம்?"

"ஒங்க வீட்டுல ஓட்டு இல்லியே புள்ள. கட்சியில கேட்டா நான் என்ன சொல்றது? ஒனக்கு இருபத்தொண்ணு ஆவட்டும். ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறு."

"கத்துக் குடுக்கறப்ப மட்டும் வயசு பத்துச்சா?"

"இந்த வாய்க்குத்தான் ஒங்களுக்கெல்லாம் ஓட்டுக் குடுக்கல! சின்னதுங்க கையில குடுத்தா நாடு வெளங்குமா?"

"பெரியவங்க கையில குடுத்து நீங்க வெளங்க வச்சது தெரியாதா? எல்லாம் சுழியாப் போச்சே!"

கூட்டம் சிரித்தது. லோரியில் இன்னும் ஒரு கட்டு தகரம் கிடந்தது. அது யாருக்கு என்று அவள் டிரைவரைக் கேட்டாள். அந்த ஆள் வெள்ளந்தி.

"அது மண்டோரு மாட்டுக் கொட்டாய்க்குலா."

திலகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏன் மண்டோரய்யா, ஒங்க மாட்டுக்கு இருபத்தொண்ணு ஆயிருச்சா? எந்தப் பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போடப் போவுது?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தகரம் வாங்கியவர்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். த்தூ! ரெங்கசாமி முகம் கறுத்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வீரனிடம் திரும்பினார்.

"வீரா! ஒம் மவள அடக்கிவை. சொல்லிட்டேன்."

வீரன் மண்டோருக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்க்காமல் நின்றதே கிடையாது. அன்றும் துண்டு கையில்தான் இருந்தது. சண்டைக்காரக் குரலும் இல்லை, தெரியாததைக் கேட்கிற குரல்தான்.

"எம் மவளுக்கு வயசு பத்தலன்னீங்க. சரிங்க. எனக்கு அறுவது ஆச்சு. எனக்கு எப்பங்க வயசு வரும்?"

ரெங்கசாமி "லோரிய எடுடா" என்று டிரைவர்மேல் பாய்ந்தார். மீதித் தகரம் மாட்டுக் கொட்டகைக்கே போனது.

வீரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தார். திலகம் அவர் பின்னாலேயே போனாள். இத்தனை நாளும் சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து "எனக்கு ஓட்டு இல்ல, எனக்கு ஓட்டு இல்ல" என்று அவள் கத்தியதையெல்லாம் எதிரே இருந்து கேட்டவர் இவர். அவளுக்கு டிசம்பர் வந்தால் இருபத்தொன்று. அப்பாவுக்கு எந்த டிசம்பரும் கிடையாது. மண்டோரிடம் நின்றபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.