மண் சுடாத நாளும் மகளின் நேர்முகத் தேர்வும்

கோயில் வெளிவீதி மணல் எனக்குச் சுடவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அன்று அதைப் பெரிய பேறு என்று நினைத்தேன்.

சலரோகம் (இரத்தத்தில் சீனி கூடும் நோய்) வந்த தாய் தகப்பனோடு இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிறவன். அதிகம் படித்தவன் அல்ல.

எண்பதுகளின் நடுப்பகுதி. மகள் வதனி உயர்தரச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். அவள் பாஸாக வேண்டும் என்று, தேரன்று உச்சி வெயிலில் வெறுங்காலோடு அம்மன் கோயிலைச் சுற்றுவதாக நேர்த்தி வைத்திருந்தேன். மற்றவர்கள் சூடு தாங்காமல் நிழலுக்கு நிழல் பாய்ந்தார்கள். நான் ஆற அமர நடந்தேன்.

"அண்ணைக்கு அம்மாள் துணை நிக்கிறா," என்றான் என் தம்பி சிவம். எனக்கும் பெருமைதான்.

அடுத்த நாள் காலை முற்றத்தில் நான் நடந்த வழியெல்லாம் இரத்தக் கறை. வதனி என் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். சில உடைந்திருந்தன.

"நோகேல்லையோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை. அம்மாளின்ரை அருள்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. வெளிக்கிடுங்கோ ஆஸ்பத்திரிக்கு."

டொக்டர் ஓர் ஊசி நுனியால் என் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, மண் எல்லாருக்கும் சுட்டதுதான். உங்கடை காலுக்குத்தான் தெரியேல்லை." சீனி கூடி நரம்புகள் பழுதாகிவிட்டனவாம்.

புண் சீழ் வைத்தது. சின்னவிரலை எடுத்தார்கள். மனைவி வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க, வதனி வார்ட்டில் என்னோடு நின்றாள். பக்கத்துக் கட்டில் கிழவருக்குக் கஞ்சி பருக்கினாள். தாதிமார் மருந்து கட்டும்போது கண் எடுக்காமல் பார்த்தாள்.

அங்கே இருக்கும்போதுதான் சோதனை முடிவு வந்தது. இரசாயனம் பெயில். மற்றவை சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான். மறுநாள், "அப்பா, நான் நேர்ஸாய் வரப்போறன்," என்றாள்.

பார்க்க வந்திருந்த சிவம் சிரித்தான். "உந்த மாக்ஸோடையோ? உன்னை வார்ட் கூட்டத்தான் விடுவாங்கள்."

"கூட்டினாலும் சித்தப்பா, நீங்கள் படுக்கிற கட்டிலடியைக் கூட்டமாட்டன்."

தாதியர் பயிற்சிப் பாடசாலைக்கு விண்ணப்பித்தாள். கூப்பிடவில்லை. திரும்பவும் சோதனைக்குப் படித்தாள். காலையில் என் புண்ணைக் கழுவிக் கட்டுவாள், இன்சுலின் (சீனியைக் குறைக்கும் ஊசிமருந்து) ஏற்றுவாள். ஏற்றும்போதே இரசாயனச் சமன்பாடுகளை வாய்விட்டுச் சொல்லுவாள். சரியோ பிழையோ எனக்கென்ன தெரியும்? எல்லாவற்றுக்கும் "சரி" என்றேன். அந்த முறை இரசாயனத்திலும் சாதாரண சித்தி. அவ்வளவுதான். ஆனால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

நான் செருப்புப் போட்டுக்கொண்டு கூடவே போய் வாசல் மரத்தடியில் இருந்தேன். வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன பிள்ளை கேட்டவை?"

"புள்ளி ஏன் குறைவெண்டு கேட்டவை. எனக்கு ஒருக்காப் படிச்சால் ஏறாது, திருப்பித் திருப்பித்தான் ஏறும் எண்டன்."

"ஐயோ, உப்பிடியே சொன்னனி?"

"சொல்வழி கேளாத நோயாளியை என்ன செய்வாய் எண்டும் கேட்டவை. வீட்டிலை ஒராளை வைச்சுப் பழகிறன் எண்டன். மூண்டு பேரும் சிரிச்சிட்டினம்."

அந்தச் சிரிப்புக்காக எடுத்தார்களோ வேறெதற்காகவோ, எனக்குத் தெரியாது. எடுத்தார்கள். பிள்ளைகளே, புள்ளி குறைந்தால் ஒரு வழி அடைபடும்தான். அதற்காக வாசலை விட்டு எழும்பி வந்துவிடாதீர்கள்.

இப்போது என் கால் எனக்குச் சொல்வதில்லை, நான்தான் அதைக் கேட்க வேண்டும். பின்னேரங்களில் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். முன்பு விடிந்தது தெரியாமல் தோட்டத்துக்கு ஓடினவன், இன்று ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கிறேன். நாள் நீளமாகத்தான் இருக்கிறது. அதுவும் நல்லதுதான்.

வதனி முதல் லீவில் வந்தபோது, படித்ததைப் பழக வேண்டும் என்று என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சால் பாதத்தைத் தொடுவாளாம். தெரிந்தால் சொல்ல வேண்டுமாம்.

அவள் மனம் நோகக் கூடாதே. கொஞ்சம் பொறுத்து, "ஓம், தெரியுது," என்றேன்.

"அப்பா," என்றாள் வதனி, "நான் இன்னும் தொடேல்லை."