மணிமேகலை தள்ளிவிட்ட யானைக் காசுகள்

ஓசூர் சிப்காட்டில் உள்ள உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருஷமாக மணிமேகலைக்கு ஒரே வேலைதான். வெளியிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்ப்பாள். சரியாக இருந்தால் உள்ளே விடுவாள், இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பிவிடுவாள். நூறு வந்தால் நூறும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். கடுகளவு கூடினாலும் குறைந்தாலும் அவளிடம் பாச்சா பலிக்காது. ஒட்டிய சீட்டை அவள் திரும்பக் கிழித்ததாக இதுவரை சரித்திரமே இல்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு.

காசுப் பைத்தியம் பிடித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். சூளகிரிக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் செல்போனைத் தடவிக்கொண்டு வந்தபோது, யானை போட்ட பழைய மைசூர் செப்புக்காசு ஒன்று ஆன்லைனில் விலைக்கு வந்திருந்தது. அந்த யானை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதே ஆளிடம் ஒவ்வொன்றாகப் பதினைந்து வாங்கிவிட்டாள். யானையைக் கட்டித் தீனி போடுகிற குடும்பமாகிவிட்டோமே என்று புருஷன் ஜெகதீஷ் கிண்டலடிப்பான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்சல் வந்ததும் வெர்னியரில் அளப்பாள், நகைத் தராசில் நிறுப்பாள். பதினைந்தும் மயிரிழை மாறாமல் ஒரே அளவு, ஒரே எடை. அவளுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நாளடைவில் தெரிந்தவர்களெல்லாம் ஆன்லைனில் பார்த்த காசுகளின் படத்தை அனுப்பி, அசலா போலியா என்று அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் அஸ்மத் பாயும் வந்தார். குந்தாரப்பள்ளி வாரச்சந்தையில் பழைய பித்தளை, செம்புச் சாமான்களை எடைக்கு வாங்குகிறவர். எடையில் கைவைத்தார் என்று இருபது வருஷத்தில் ஒரு சொல் வாங்காத மனிதர். போன மாதம் அவர் வாங்கிய நசுங்கிய செப்புக்குடம் ஒன்றுக்குள் பதினொரு யானைக் காசுகள் கிடந்தன. மகள் இரம் அவற்றைப் படம் எடுத்து ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டாள். முதலில் விசாரித்தவனே, ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கிறதே, டூப்ளிகேட்டா என்று கேட்டுவிட்டான். பாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. காசுகளை எடுத்துக்கொண்டு நேரே மணிமேகலை வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவள் அளந்தாள். ஒன்று பத்தரை கிராம், அடுத்தது பதினொன்றேகால். ஒரு காசில் யானைக்குப் பாதித் தும்பிக்கைதான் விழுந்திருந்தது. இன்னொன்றில் வால் ஓரத்தோடு போயிருந்தது. வட்டம்கூட ஒழுங்கான வட்டமாக இல்லை.

"ஒண்ணுகூடத் தேறல பாய். எல்லாம் போலி" என்றாள்.

பாய் ஆன்லைனில் போட்ட படத்தை நீக்கச் சொல்லி அங்கிருந்தே மகளுக்குப் போன் செய்தார். போலியைக் கையில் வைத்திருந்தால் என்றைக்காவது விற்க ஆசை வரும், அடுத்த சந்தையன்று பட்டறைக்கு உருக்கப் போகும் செம்பு மூட்டையில் போட்டுவிடுகிறேன் என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஒரு நல்ல மனிதரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் மணிமேகலை அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் காலை ஷிப்டில் ஒரு பெட்டி உருப்படி வந்தது. எடுத்ததிலெல்லாம் ஒரே இடத்தில் நகம் பதிந்தாற்போல ஒரு வடு. அச்சு அடிபட்டிருக்கிறது என்று சிவப்புச் சீட்டில் எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. வீட்டிலிருக்கும் காசில் யானையின் பின்னங்கால் பக்கம் ஒரு வெட்டு உண்டு. நூறு தடவை பார்த்த வெட்டுதான். எத்தனை காசில் இருக்கிறது என்று மட்டும் அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு காசுகளைப் பரப்பினாள். பதினைந்திலும் வெட்டு இருந்தது. பதினைந்து காசு பதினைந்து பேரிடம் புழங்கி, அத்தனையிலும் ஒரே இடத்தில் ஒரே வெட்டு எப்படி விழும்? எவனோ ஒரே ஒரு காசை வைத்து அச்செடுத்து ஊற்றியிருக்கிறான். லென்ஸில் பார்த்தால் ஊற்றிய உலோகத்தில் விழும் குண்டூசித் துளைகள் வேறு. தினமும் கம்பெனியில் பார்க்கிற துளையை, காசில் பார்த்துப் பழமை என்று நம்பியிருக்கிறாளே, அடிப்பாவி! கையால் அடித்த காசு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பாயின் காசுகள் கோணல்மாணலாக இருந்தது அதனால்தான்.

அவளுக்குத் தன் பதினைந்து போனதுகூட உறைக்கவில்லை. இன்றைக்குச் சந்தை. பாய்க்கு மூன்று தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. காசுகளைக் கைப்பையில் கொட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். குருபரப்பள்ளி தாண்டும் வரை வழிவிடாத லாரிக்காரர்கள் அத்தனை பேரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சந்தையில் மாடுகள் கலைந்துகொண்டிருந்தன. மூட்டைகளை ஏற்றிய டெம்போ கிளம்பத் தயாராக நின்றது. பாய் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காசுகள் அடிமூட்டையில் போய்விட்டதாகச் சொன்னார். டிரைவர், பக்கத்துக் கடைக்காரர், மாடு வாங்க வந்தவர்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிமேகலை அவர்கள் முன்னாலேயே சொன்னாள்.

"நான் சொன்னது தப்பு பாய். உங்களுது அசல். என்னுதுதான் போலி."

பாய் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, உடைந்த குடங்களுக்கும் ஒயர்த் துண்டுகளுக்கும் நடுவே இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள். பதினொன்றும் கிடைத்தன. லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு துளை இல்லை. பாதித் தும்பிக்கை யானையைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எடைச்சீட்டு போட்டாயிற்று, இப்போது குறையுமே என்று டிரைவர் முணுமுணுத்தான். மணிமேகலை கைப்பையைத் திறந்து தன் பதினைந்தையும் மூட்டைக்குள் கவிழ்க்கப் போனாள். பாய் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆசையா வாங்குனது. ஒண்ணாவது வெச்சுக்கம்மா."

"எதுக்கு பாய்? ஒண்ண வெச்சாலும் பதினஞ்சயும் வெச்சாப்புலதான்."

பாய் விடவில்லை. தொழில் புத்தி. ஒரு காசை எடுத்துக் கல்லில் உரசி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"செம்பு அசல்தாம்மா" என்றார்.

மணிமேகலை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே பதினைந்து யானைகளையும் மூட்டைக்குள் கொட்டினாள்.